பவானிபூர் வீட்டுக் கடல்தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

ஒரு கிலோ கடல்நீரை முழுக்க வற்றவைத்தால் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். மற்றது எல்லாம் வெறும் தண்ணீர். வீட்டில் கடல்மீன் வளர்க்க நினைப்பவர்கள் அந்த 35 கிராமுக்காக நிறையவே மெனக்கெடுகிறார்கள். எந்த நாட்டு உப்பு, அதில் கால்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். உப்பைக் கரைக்கப்போகும் தண்ணீரைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது, அதுவும் பல வீடுகளில் முதல் மீன் செத்த பிறகு. கொல்கத்தாவின் பவானிபூரில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நல்ல உப்பு காசு கொடுத்தால் கிடைத்துவிடும். நல்ல தண்ணீரை அவரவர் வீட்டில்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கடலிலிருந்தே கொண்டுவந்தால் என்ன என்று கேட்கலாம். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடல்நீர் குழாய் போட்டு இழுக்கும் தூரத்தில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அப்படித்தான். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் இருப்பவர்கள் தெளிந்த நாளில் நீரெடுத்து, வடிகட்டி, இருட்டில் சில நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். கொல்கத்தாவுக்கு அந்த வசதி இல்லை. இங்கிருந்து மக்கள் போகும் கடற்கரை திகா. சாலை வழியில் 180 கிலோமீட்டருக்கு மேல். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல்மீன் காட்சியகம் திகாவில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது கரையிலேயே இருந்துகொண்டு நீரைத் தெளியவைத்து வடிகட்டும் ஏற்பாடு உள்ள இடம். ஹூக்ளியும் சுவர்ணரேகையும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் கலந்த கடல் அது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகும்போது கரையோரத்தில் உப்பின் அளவும் இறங்கிவிடும். இதைக் கேனில் பிடித்து, காரில் ஐந்து மணி நேரம் வெயிலில் கொண்டுவந்தால், அதிலிருந்த நுண்ணுயிர்களில் ஒரு பகுதி வழியிலேயே செத்து அமோனியாவாக மாறத் தொடங்கியிருக்கும். உப்புக் கரைசல்தான் இங்கே வழி. கடலுக்குத் தொலைவில் இருந்த லண்டன்காரர்களுக்காக இயற்கையியலாளர் ஃபிலிப் ஹென்றி காஸ் 1854-இலேயே செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறை வெளியிட்டார். இன்று பையில் வரும் உப்புக் கலவை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஆக, தண்ணீருக்கு வருவோம். கடல்தொட்டியில் தண்ணீர் இரண்டு வழிகளில் உள்ளே போகிறது. ஒன்று, வாரம் ஒருமுறை கொஞ்சம் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் ஊற்றுவது. இன்னொன்று, தினமும் ஆவியாகிப் போனதை ஈடுகட்ட உப்பில்லாத நீர் ஊற்றுவது, அதாவது மேலூற்று. இந்த இரண்டாவதுதான் கணக்கைக் கெடுக்கிறது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது. அதோடு வந்த செம்பு, நைட்ரேட், சிலிகா எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 730 லிட்டர் மேலூற்று. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, செம்புக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை வைத்திருக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. அந்தக் கடுமையான 0.05 அளவில் இருக்கும் நீரையே ஊற்றினாலும் ஒரு வருடத்தில் 36 மில்லிகிராமுக்கு மேல் செம்பு உள்ளே போகிறது. தொட்டி நீரில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம். கடல்மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஒட்டுண்ணியைக் கொல்ல மருந்தாகப் போடும் செம்பின் அளவு 0.15-இலிருந்து 0.20 வரைதான்! மருந்துத் தொட்டியில் இறாலையோ கடல் அனிமோனையோ வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், செம்பு அவற்றைக் கொன்றுவிடும். மனிதன் குடிக்கச் சரியான நீர், ஒரு வருடப் பொறுமையில், இறாலுக்கு அந்த மருந்துத் தொட்டியாகவே ஆகிவிடுகிறது. செம்பில் ஒரு பகுதி வார நீர்மாற்றத்தில் வெளியேறும், ஒரு பகுதி மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் இந்தக் கணக்கு அப்படியே நடக்காது. ஆனால் ஒட்டியது அங்கேயே இருக்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசியவும் செய்கிறது.

நைட்ரேட்டுக்கு அதே தரநிலை 45 மில்லிகிராம் வரை விடுகிறது. பவளத்திட்டை ஒட்டிய கடலில் இருப்பதோ ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. சிலிகாவுக்கும் பாஸ்பேட்டுக்கும் குடிநீர்த் தரநிலையில் வரம்பே கிடையாது, ஏனென்றால் மனிதனுக்கு அவற்றால் கெடுதல் இல்லை. தொட்டியில் கண்ணாடி மேலும் மணல் மேலும் பழுப்பாகப் படியும் டயாட்டம் பாசிக்குச் சிலிகா உணவு. பச்சைப் பாசிக்குப் பாஸ்பேட். கார்ப்பரேஷன் தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு உடலுக்காகச் சுத்தம் செய்யப்பட்டது.

பவானிபூர்க் குழாயில் வருவது கங்கை. அதன் கிளையான ஹூக்ளியிலிருந்து எடுத்து, படிகாரம் போட்டு வண்டலைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். வடக்கே பாராக்பூர் பக்கத்து பால்டாவில் 1860-களின் இறுதியில் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையமும், 1911 முதல் நிற்கும் டாலா இரும்புத் தொட்டியும் நகரத்தின் பழைய நீர்வழி. தெற்குக் கொல்கத்தாவுக்குப் பின்னால் வந்தது கார்டன் ரீச் நிலையம். இந்த நீர் இயல்பில் அவ்வளவு கடினமானதல்ல. கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், பெரும்பாலும் சில நூறு மில்லிகிராமுக்குள். சென்னையில் போர் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பெரிய வரம் என்று புரியும். ஆனால் ஹூக்ளி ஓதம் ஏறும் ஆறு; கோடையில் மேல்நீர் குறைந்தால் கடலுப்பு மேலே ஏறி வரும். 1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கி, கங்கையின் நீரை இந்தப் பக்கம் திருப்பிய பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. துறைமுகத்தின் வண்டலை அடித்துக்கொண்டு போகக் கட்டிய அணை அது. அதன் பலனில் ஒரு பங்கு மாநகரின் குடிநீருக்கும் வந்து சேர்ந்தது.

குளோரினைப் பலர் பெரிய எதிரியாக நினைக்கிறார்கள். கடையில் விற்கும் ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தயோசல்பேட், இரண்டு சொட்டு விட்டால் குளோரின் போய்விடும். ஒரு நாள் வாளியில் காற்றோட்டத்தோடு வைத்தாலும் போகும். ஆற்றுநீரில் ஏற்கெனவே அமோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. அதுதான் பிடிவாதக்காரன். வாளியில் வைத்தால் லேசில் போகாது. தயோசல்பேட் உடைத்தால் அமோனியா வெளிப்படும். குளோரினின் அளவு ஒரே சீராக இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2021 மார்ச்சில் பவானிபூரின் ஒரு பகுதியில் குழாய்நீர் மாசுபட்டுப் பலர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். இப்படி ஒன்று நடந்தால் குளோரினைக் கூட்டுவதுதான் எந்த மாநகராட்சிக்கும் முதல் கடமை, கூட்டவும் வேண்டும். குழந்தைகளின் வயிற்றுக்கு முன்னால் நம் மீன்தொட்டி ஒரு பொருட்டல்ல. அந்த மாற்றத்தைத் தாங்கும்படி நம் வடிகட்டியை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே இன்னொரு கதை இருக்கிறது. இங்கே தண்ணீர் நேரம் பார்த்து வருகிறது. பழைய வீடுகளில் சௌபாச்சா என்ற தொட்டியில் பிடித்துவைப்பார்கள். அடுக்குமாடியில் தரைக்கடியில் உள்ள தொட்டியில் விழுந்து, மோட்டாரில் மாடித் தொட்டிக்கு ஏறி, பழைய ஜிஐ குழாயில் இறங்கி வரும். அதில் துத்தநாகமும் துருவும் சேரும். பித்தளைக் குழாய்வாயில் இரவெல்லாம் நின்ற நீரில் செம்பு சேரும். பல கட்டடங்களில் கார்ப்பரேஷன் நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் கலக்கிறது. அப்படிக் கலக்கிறதா என்பதை வாட்ச்மேனிடமோ சங்கச் செயலாளரிடமோ முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டும் இருவேறு நீர். நிலத்தடி நீரில் இரும்பும் மாங்கனீசும் கடினத்தன்மையும் கூடுதல். மேற்கு வங்கத்தின் ஆர்சனிக் நோயை 1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் டாக்டர் கே.சி. சாகா கண்டறிந்தார். அதன்பின் தெற்குக் கொல்கத்தாவின் ஆழ்துளைக் கிணறுகளிலும் ஆர்சனிக் தென்பட்டிருக்கிறது. நிலத்தடியில் ஆர்சனிக் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருப்பதால் ஆர்ஓ மெம்பரேனே அதை முழுதாகத் தடுக்காது. கிணற்று நீர்தான் வருகிறது என்றால் கடல்தொட்டிக்கு அந்தக் குழாயைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன்.

இனி, வீட்டில் ஏற்கெனவே தொங்கும் சுத்திகரிப்புக் கருவி. அது யூவி என்றால் கிருமியைக் கொல்லும், கரைந்தது எதையும் எடுக்காது. தொட்டிக்கு அதனால் பலன் இல்லை. ஆர்ஓ என்றால் ஆசை வரும். ஆனால் குடிநீர் ஆர்ஓ நாக்குக்காகச் செய்யப்பட்டது. மெம்பரேனில் சுத்தமான நீரோடு, டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு வழியாக, ஆர்ஓ ஆகாத நீரையும் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். சிலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜ் கால்சியம் சேர்க்கிறது. அது கடல்தொட்டிக்குப் பெரிய கெடுதல் இல்லை. கடந்த சில வருடங்களாக விளம்பரத்தில் ஓங்கி ஒலிப்பது காப்பர் சேர்க்கும் ஆர்ஓ. செம்புப் பாத்திரத்தில் வைத்த நீர் நல்லது என்ற நம்பிக்கைக்காக, சுத்தம் செய்த நீரில் வேண்டுமென்றே செம்பைக் கரைத்துத் தருகிறது. இறால் வளர்ப்பவருக்கு இதைவிட மோசமான தண்ணீரை விலைக்கு வாங்க முடியாது. கடைக்காரர் ஆர்ஓ வாட்டர் ஊற்றுங்கள் என்று சொன்னதைக் கேட்டு இந்த நீரை ஊற்றி, உப்பிலும் விளக்கிலும் குற்றம் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேன் தண்ணீரும் இதே கோட்டில்தான். 20 லிட்டர் கேனின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு அது குடிக்கத் தகுந்தது என்று மட்டும் சொல்கிறது. அதில் எவ்வளவு மினரல் சேர்த்தார்கள், இந்தக் கேனும் அடுத்த கேனும் ஒரே அளவா என்பது தெரியாது. மேலே சொன்ன 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 20 லிட்டர் மாற்றினால், மேலூற்றையும் சேர்த்து வருடத்துக்கு 1,770 லிட்டர், அதாவது 89 கேன் ஆகும். அத்தனையையும் படியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு ஒரு தடவை சரி.

இன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் பெரும்பாலும் அயனி நீக்கிய நீர்தான். அதற்கென ஐஎஸ் 1069 என்று தனித் தரநிலை உண்டு. குளோரைடும் உலோகமும் இருந்தால் பேட்டரியின் தகடு கெடும், அதனால் அந்தத் தரநிலையைப் பின்பற்றிச் செய்தது நமக்கும் பொருந்தும். முத்திரை இல்லாத பாட்டிலில் தெருவோரத்தில் விற்பது எப்படிச் செய்தது, எந்தக் கேனில் அடைத்தது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 30 லிட்டர் நானோ தொட்டி வைத்திருப்பவர் நம்பகமான கடையில் வாங்கினால் போதும். பெரிய தொட்டிக்குக் கட்டுப்படி ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் ஆவி குளிர்ந்து வந்ததுதானே என்று சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அது செம்புச் சுருளின் மேல் வழிந்து வந்தது, வேண்டாம். மழைநீரை நகரத்தின் மொட்டைமாடியில் பிடிப்பதும் வேண்டாம்.

மிஞ்சுவது ஆர்ஓடிஐ. ஆர்ஓ மெம்பரேனுக்குப் பின்னால் அயனி நீக்கும் ரெசின் சேர்த்த கருவி. வரிசை முக்கியம். முதலில் 5 மைக்ரான் பஞ்சு வடிகட்டி, பிறகு கரி, பிறகு மெம்பரேன், கடைசியில் ரெசின். குளோரின் மெம்பரேனை அரித்துவிடும் என்பதால் கரி முன்னால் நிற்கிறது. குளோரமைன் கரியில் மெதுவாகத்தான் உடையும், ஆகவே கரியை இரண்டு கட்டமாக வைப்பது நல்லது. உடைந்து வெளிவரும் அமோனியாவில் மெம்பரேனைத் தாண்டுவதை ரெசின் பிடித்துக்கொள்ளும். மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்ய 3.5-இலிருந்து 4 பார் அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்கு இறங்கும் நீரில் அது கிடைக்காது. அழுத்தம் குறைந்தால் நீர் மெதுவாக வருவது மட்டுமல்ல, சுத்தமும் குறையும். குடிநீர் ஆர்ஓவில் இருக்கும் அதே பூஸ்டர் பம்ப் போதும். மழைக்காலத்தில் ஹூக்ளி கலங்கும், அதன் நுண்வண்டலில் சிறிது குழாய்வரை வரும். ஜூலை, ஆகஸ்டில் பஞ்சு சீக்கிரம் காவியாகிவிடும். அது மலிவான பொருள், மாற்றத் தயங்கினால் விலை உயர்ந்த மெம்பரேன் அடைபடும்.

கருவியைக் கிட்டத்தில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். இரவெல்லாம் நின்ற மெம்பரேனைக் காலையில் திறந்ததும் வரும் நீரின் டிடிஎஸ் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். சில நிமிடத்தில் எண் மளமளவென இறங்கி, ஒற்றை இலக்கத்திலோ பத்தைத் தாண்டியோ நிற்கும். ஓடாமல் நிற்கும்போது சவ்வின் இரு பக்கத்து உப்பும் மெல்லச் சமமாகிவிடுவதுதான் காரணம். அந்த முதல் சில நிமிட நீரை ரெசினுக்கு அனுப்பாமல் ஒரு மூன்றுவழி வால்வில் வெளியே விட்டால் ரெசின் இன்னும் அதிக நாள் உழைக்கும். தானாக நிரப்பும் மிதவை வால்வு வைத்து, மணிக்கொருதரம் அரை லிட்டர் மட்டும் எடுப்பவர்களுக்கு எப்போதுமே இந்த முதல் நீர்தான் கிடைக்கிறது. வாரம் இருமுறை மொத்தமாகப் பிடித்துவைப்பதே நல்ல பழக்கம்.

ரெசின் தீர்வதை நிறம் மாறுவதில் பார்க்கலாம். நீலமாக இருந்தது அடியிலிருந்து பழுப்பேறிக்கொண்டு வரும். முழுக்கப் பழுப்பாகட்டும், மீட்டர் இன்னும் பூஜ்யம்தானே காட்டுகிறது என்று காத்திருப்பது தவறு. ரெசின் தீரும் கட்டத்தில், அதில் பலவீனமாக ஒட்டியிருந்த சிலிகாதான் முதலில் பிய்த்துக்கொண்டு வரும், சில நேரம் உள்ளே போவதைவிட அதிகமாக. டிடிஎஸ் மீட்டர் மின்கடத்தலை அளந்து எண் காட்டும் கருவி. நீரில் ஏறக்குறைய மின்னேற்றமே இல்லாமல் கரைந்திருக்கும் சிலிகா அதற்குத் தெரியாது. மீட்டரில் 0, தொட்டியில் பழுப்புப் பாசி என்ற புதிருக்குப் பல வீடுகளில் இதுதான் விடை. முக்கால் பாகம் நிறம் மாறியதும் மாற்றிவிட வேண்டும்.

கழிவுநீரைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று, நான்கு லிட்டர் வெளியே போகிறது. நம் தொட்டிக்கு நாளைக்கு 5 லிட்டர் தேவை என்றால் 15-இலிருந்து 20 லிட்டர் கழிவு. டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓ கருவிகளைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்குச் சொன்னது இந்த விரயத்தை நினைத்துத்தான். பவானிபூரின் ஆற்றுநீர் அந்த வரம்புக்குள்ளேயே வருகிறது, குடிக்க இங்கே ஆர்ஓ தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தெருக்குழாயில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும் பேட்டை இது. பொழுதுபோக்குக்காக ஆர்ஓ ஓட்டுகிறவர் கழிவுக் குழாயைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் விட வேண்டும். ஆற்றுநீரைவிட நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூடுதல் உப்புள்ள அந்த நீர் துணி அலசவும், தரை துடைக்கவும், கழிவறைக்கும் தாராளமாக ஆகும். முன்வடிகட்டியில் கரி இருந்தால் குளோரின்கூட அதில் இருக்காது, செடிக்கும் விடலாம்.

இவ்வளவும் எல்லாருக்கும் வேண்டுமா? இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஞாயிறு காலையில் பாக்பஜார் பக்கம் காலிஃப் தெருச் சந்தையில் மீன் வாங்கக் கூடும் கூட்டம் பெரும்பாலும் நன்னீர் மீனுக்கானது. கடல்தொட்டி வைப்பவர்களிலும் மிகுதியானவர்கள் பவளம் இல்லாமல் கோமாளி மீன், டாம்செல், இரண்டு இறால், ஓர் அனிமோன் என்ற அளவில் நிற்பவர்கள். மீன் மட்டும் என்றால் குளோரின் நீக்கிய கங்கைநீரில் உப்புக் கரைத்து, மேலூற்றுக்கு மட்டும் சுத்த நீர் விட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளும். பாசியோடு போராட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இறாலோ அனிமோனோ உள்ளே வந்த நாளிலிருந்து அந்தச் சலுகை கிடையாது.

அதற்காகப் புதுக் கருவியே வாங்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஆர்ஓ இருந்தால், சர்வீஸ் செய்ய வருபவரிடம் சொல்லி, மெம்பரேனுக்கு அடுத்து, டிடிஎஸ் கன்ட்ரோலருக்கும் மினரல், காப்பர் கார்ட்ரிட்ஜுகளுக்கும் முன்னால் ஒரு டி இணைப்பு போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து குழாயை எடுத்து, நிறம் மாறும் ரெசின் நிரப்பிய, உள்ளே தெரியும் கூடு ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்தது. வீட்டார் குடிக்கும் நீர் வழக்கம்போல் வரும், தொட்டிக்கு அதன் நீர் தனியே வரும். பிடிக்கும் டிரம் உணவுத் தரப் பிளாஸ்டிக்காக, ரசாயனம் இருந்த வாடை இல்லாததாக இருக்கட்டும். ரெசினுக்கு முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று இரண்டு எண்களையும் தேதியோடு டிரம்மின் மேலேயே எழுதிவைத்தால், மெம்பரேன் எப்போது தளர்கிறது என்பதை முன்னால் உள்ள எண்ணே காட்டிக்கொடுக்கும்.